பூட்டிய கூடங்களும் குளிர்கால இரவுகளும்

வட இந்தியாவின் பெருநகரங்களில் மார்கழியும் தையும் வந்துவிட்டால், நடைபாதையில் படுத்திருந்தவர்கள் குளிரில் மாண்டார்கள் என்ற செய்தி ஆண்டு தவறாமல் பத்திரிகைகளில் இடம்பெறுகிறது. அதே இரவில், அதே தெருவின் மறு ஓரத்தில், பொதுமக்களின் வரிப்பணத்தால் எழுப்பப்பெற்ற பள்ளிக்கூடமோ, சமுதாயக் கூடமோ, சர்க்கார் அலுவலகமோ விளக்கணைத்துப் பூட்டப்பட்டு வெறுமையாக நிற்கிறது. இவ்விரண்டையும் சேர்த்து எண்ணிப் பார்க்கும் எவருக்கும், அந்தக் கதவைத் திறந்துவிட்டால் என்ன என்ற கேள்வி இயல்பாகவே எழும். கேட்பதற்கு எளிய கேள்விதான். ஆயினும், திறப்பவர் யார், எந்த அதிகாரத்தால் திறப்பார், உள்ளே வருபவர் யார், விடிந்த பிறகு அவர்கள் எங்கே போவார்கள் என்று அதன் கிளைகளைத் தொடர்ந்து சென்றால், சட்டமும் வைத்தியமும் நகர நிர்வாகமும் கூலிக்காரரின் தொழில் வாழ்க்கையும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் ஒரு பெரிய விஷயத்தில் நாம் நுழைந்துவிட்டதை உணர்வோம். தில்லி மாநகரின் அநுபவத்தை முதன்மையாகக் கொண்டு, பிற நாடுகள் சிலவற்றின் அநுபவத்தையும் அதனோடு வைத்துப் பார்த்து, இக்கேள்வியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

குளிர் கொல்லும் விதம்

தில்லியில் பனிக்கட்டி விழுவதில்லை. ஆகையால் அந்நகரத்துக் குளிரின் கொடுமையைத் தென்னாட்டார் குறைத்து மதிப்பிடுவது இயல்பே. டிசம்பர் பிற்பகுதி தொடங்கி ஜனவரி முடியும் வரையில் அங்கே இரவின் உஷ்ணநிலை மூன்று நான்கு டிகிரி செல்சியஸ் வரையிலும் இறங்குவதுண்டு. 2021 ஜனவரி 1 அன்று சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 1.1 டிகிரி பதிவாயிற்று. இரவைக் காட்டிலும் கொடியவை, மூடுபனி கவிந்து சூரியனையே மறைத்துவிடும் பகல்கள். 2019 டிசம்பர் 30 அன்று பகலின் உச்ச உஷ்ணநிலையே 9.4 டிகிரிக்கு மேல் ஏறவில்லை. வெயில் காயும் பகலானால், இரவெல்லாம் விறைத்துக் கிடந்த உடல் சற்றே தேறி அடுத்த இரவுக்கு ஆயத்தமாகும். அந்த வெயிலும் இல்லாத நாட்கள் நான்கைந்து தொடர்ந்து வந்துவிட்டால், வெளியிலேயே வாழ்கிறவனுடைய தேகத்தில் தாங்கும் சக்தி மிஞ்சுவதில்லை.

உடலின் உள் உஷ்ணநிலை 35 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது அபாயம் தொடங்குகிறது. முதலில் நடுக்கம் காணும். அது ஒரு நன்மையே, ஏனெனில் நடுக்கத்தினாலேயே உடல் வெப்பத்தை உண்டாக்கிக்கொள்கிறது. உஷ்ணம் மேலும் குறையக் குறைய நடுக்கம் நின்று, பேச்சுக் குழறி, அறிவு மங்கி, தனக்கு ஆபத்து நேர்ந்திருக்கிறது என்று உணர்ந்து எழுந்து போகும் தெளிவே அற்றுப்போகிறது. பட்டினி கிடந்தவனுக்கு உடலில் எரிவதற்குப் பொருள் இல்லை. மது அருந்தியவனுக்குத் தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்து, கதகதப்பாக இருப்பதுபோல் தோன்றும் அந்த வேளையிலேயே உள்வெப்பம் வெளியேறிக்கொண்டிருக்கும். மூடுபனியில் நனைந்த கம்பளி பாதுகாப்பை இழக்கிறது. வெறுஞ்சிமெண்டுத் தரையோ அடியிலிருந்து உடலின் சூட்டை இடைவிடாமல் உறிஞ்சுகிறது. இரவின் கடுங்குளிர் விடியலுக்குச் சற்று முன்னர்தான் வரும் என்பதையும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இவற்றையெல்லாம் எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. காற்றைத் தடுக்கும் சுவர், பனியைத் தடுக்கும் கூரை, ஈரமற்ற தரை, அதன்மேல் ஒரு ஜமக்காளம், ஒரு கம்பளி, சூடான ஒரு வேளை உணவு ஆகிய இவ்வளவும் கிடைத்தால் குளிரினால் வரும் மரணத்தைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம் என்பதை மேற்கண்ட வைத்திய விவரங்களே நிரூபிக்கின்றன. இதற்கு மாளிகை வேண்டியதில்லை. ஒரு சாதாரணப் பள்ளிக்கூடத்தின் வகுப்பறை போதும். நகரத்தில் ஏற்கனவே நிற்கும் கட்டடங்களில் பெரும்பாலானவை இந்தத் தகுதியை உடையனவே.

வீடற்றோர் யார்?

2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் வீடற்றவர்கள் ஏறக்குறைய 17.7 லட்சம் பேர். அவர்களுள் நகரங்களில் வாழ்பவர்கள் 9.4 லட்சத்தை ஒட்டியவர்கள். தில்லியில் சுமார் 47,000 பேர். ஆனால் 2000-ஆம் ஆண்டிலேயே தன்னார்வ ஸ்தாபனம் ஒன்று தில்லியில் இரவில் நடந்து எண்ணியபோது 52,765 பேரைக் கண்டது. நகரம் பெருகிய பத்தாண்டுகளில் வீடற்றோர் தொகை குறைந்தது என்பது நம்பத்தக்கதன்று. ஒரே இரவில் நகரமெங்கும் நடத்தப்பெறும் கணக்கெடுப்பில், பாலத்தின் அடியிலும் கோயில் வாசலிலும் கடைத் திண்ணையிலும் சுருண்டு கிடப்பவர்களையும், அந்த இரவில் வேலைக்குப் போயிருப்பவர்களையும் முற்ற எண்ணிவிட முடியாது. ஆகையால் சர்க்கார் எண்ணிக்கையைக் குறைந்தபட்ச எண்ணிக்கையாகக் கொள்வதே நியாயம்.

இவர்கள் சோம்பேறிகளென்றும் பிச்சைக்காரர்களென்றும் பரவியிருக்கும் அபிப்பிராயம் உண்மைக்கு வெகுதூரம். சைக்கிள் ரிக்‌ஷா இழுப்பவர், காரி பாவலி மளிகைச் சந்தையில் மூட்டை சுமப்பவர், கல்யாணப் பந்திகளில் பாத்திரம் கழுவுகிறவர், கட்டட வேலைக்கு அன்றாடம் கூலிக்கு நிற்பவர் ஆகியோரே அவர்களுள் மிகுதி. பீகார், உத்தரப் பிரதேசம் முதலிய மாகாணங்களின் கிராமங்களிலிருந்து வந்து, சம்பாதிப்பதில் ஒரு பகுதியை ஊருக்கு அனுப்பி, வாடகைக்கு அறை பிடிக்க வழியின்றித் தொழில் நடக்கும் இடத்துக்கு அருகிலேயே உறங்குகிறவர்கள் அவர்கள். குடும்பத்தால் கைவிடப்பட்ட பெண்களும், மனநோயாளிகளும், ஓடிவந்த சிறுவர்களும், பெரிய ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்காக வந்து வாரக்கணக்கில் வாயிலில் காத்துக் கிடக்கும் வெளியூர் நோயாளிகளும் அவர்களோடு கலந்திருக்கிறார்கள்.

பழைய தில்லியின் சில வீதிகளில் அந்தி சாய்ந்ததும் ஒரு வியாபாரம் தொடங்குகிறது. பஞ்சு திணித்த ரஜாய்களைக் குவித்துக்கொண்டு ஒருவன் வந்து, நடைபாதையில் வரிசையாக விரிப்புகளைப் பரப்பி, விரிப்புக்கும் ரஜாய்க்குமாகச் சேர்த்து ஓர் இரவுக்கு வாடகை வாங்குகிறான். பகலெல்லாம் சுமை தூக்கிச் சம்பாதித்த கூலியில் ஒரு பங்கைக் கொடுத்து, பலர் போர்த்திப் போர்த்தி அழுக்கேறி மூடுபனியில் நமுத்துப்போன அந்த ரஜாய்க்குள் தொழிலாளி தலைவரை மூடிக்கொண்டு உறங்குகிறான். விடிவதற்குள் ரஜாய்கள் மடித்து எடுத்துச் செல்லப்படுகின்றன. படுத்திருந்தவர்கள் எழுந்தாக வேண்டும். வீடற்றவன் இலவசத்தை நாடுகிறவன் என்று சொல்பவர்கள் இந்த வியாபாரத்தைக் கண்டால் தங்கள் எண்ணத்தை மாற்றிக்கொள்வார்கள். திறந்த வானத்தின் கீழே கிடைக்கும் தூக்கத்துக்குக்கூட அவன் பணம் கொடுக்கிறான். நகரமோ தன் கூரைகளைப் பூட்டி வைத்துக்கொண்டிருக்கிறது.

நியாயஸ்தலங்களின் கட்டளை

இந்த விஷயம் தர்மத்தின் எல்லையிலிருந்து உரிமையின் எல்லைக்கு வந்து சேர்ந்த வரலாறு சுருக்கமானது. 1985-இல் பம்பாய் நடைபாதைவாசிகளைப் பற்றிய ஓல்கா டெல்லிஸ் வழக்கில், உயிர் வாழும் உரிமையென்பது ஜீவனோபாயத்துக்கான உரிமையையும் உள்ளடக்கியது என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. பின்னர் சமேலி சிங் வழக்கில், இருக்க இடம் என்பதும் அவ்வுரிமையின் அங்கமே என்று விளக்கியது. எனினும் இவை கோட்பாடுகளாகவே நின்றன. கோட்பாட்டை நடைபாதை வரையில் கொண்டுசென்றது 2010-ஆம் ஆண்டின் குளிர்காலம்.

2009 டிசம்பரில், காமன்வெல்த் விளையாட்டுகளுக்காகத் தலைநகரம் அலங்கரிக்கப்பட்டுக்கொண்டிருந்த சமயத்தில், பூசா சாலைச் சந்திப்பிலிருந்த ஒரு தற்காலிகக் கூடாரப் புகலிடம் இடித்து அகற்றப்பட்டது. அங்கே படுத்திருந்தவர்கள் கடுங்குளிரில் வெளியே தள்ளப்பட்டார்கள், சாவுகள் நேர்ந்தன. பத்திரிகையில் வந்த செய்தியைக் கண்ட தில்லி ஹைகோர்ட்டு, எவரும் மனுச் செய்யுமுன் தானாகவே அதை வழக்காக எடுத்துக்கொண்டது. 2010 ஜனவரியில், உணவு உரிமை வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு நியமித்திருந்த கமிஷனர்களான என்.சி. சக்சேனாவும் ஹர்ஷ் மந்தரும் இந்நிலையை எழுத்துமூலம் கோர்ட்டாரின் கவனத்துக்குக் கொண்டுவந்தார்கள். தில்லியின் புகலிடங்களை உடனே பெருக்குமாறு உத்தரவு பிறந்தது. பிறகு அது நாடு முழுவதற்கும் விரிந்து, பெருநகரங்களில் ஒவ்வொரு லட்சம் ஜனத்தொகைக்கும் ஒரு புகலிடம், ஆண்டு முழுதும், இருபத்துநான்கு மணி நேரமும் இயங்க வேண்டும் என்ற அளவுகோல் வகுக்கப்பட்டது. 2013-இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டமும் இதே அளவுகோலை ஏற்று, ஒவ்வொருவருக்கும் 50 சதுர அடி இடமும், குடிநீர், கழிப்பிடம், வெளிச்சம், உடைமை வைக்கும் பெட்டி ஆகியனவும் இருக்க வேண்டுமென்று விதித்தது.

உத்தரவு எழுதப்படுவதற்கும் கூரை அமைவதற்கும் இடையே உள்ள தூரம் பெரிது. ஒதுக்கப்பட்ட நிதியே பல மாகாணங்களில் செலவாகாமல் கிடந்தமையால், 2016-இல் சுப்ரீம் கோர்ட்டு, ஓய்வுபெற்ற நீதிபதி கைலாஷ் கம்பீர் தலைமையில் ஒரு குழுவை நியமித்து நாடு முழுதும் விசாரிக்க வேண்டியதாயிற்று. நகரங்கள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம், நிலம் கிடைக்கவில்லை என்பது. புதிய கட்டடத்துக்கு நிலம் கிடைக்காதபோது, நிற்கும் கட்டடத்தை ஏன் பயன்படுத்தவில்லை என்ற கேள்வி இங்கேதான் தன் முழு வலிமையோடு வந்து நிற்கிறது.

தில்லியின் ஏற்பாடும் அதன் குறையும்

2010-இல் ஏற்பட்ட சட்டத்தின்கீழ் அமைந்த தில்லி நகர்ப்புறப் புகலிட மேம்பாட்டு வாரியம் இன்று ஏறக்குறைய 200 புகலிடங்களை நடத்தி வருகிறது. அவற்றுள் நிலையான கட்டடங்கள் ஒரு பகுதி. தகரத்தாலான நகரும் அறைகள் மற்றொரு பெரும் பகுதி. குளிர்காலத்தில் இவற்றோடு நீர்புகாத கூடாரங்களும் சேர்கின்றன. குளிர் மிகும் நாட்களில், நடைபாதையில் கிடப்போரை ஏற்றிச் சென்று புகலிடம் சேர்க்க வண்டிகளும் இரவில் சுற்றுகின்றன. இந்தியாவின் வேறெந்த நகரத்தைக் காட்டிலும் தில்லி இத்துறையில் முன்னேறியிருக்கிறது என்பதை மனமுவந்து ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனாலும் தகர அறை குளிரில் குளிர்ந்து வெயிலில் காய்வது. கூடாரமோ ஒரு பருவத்துக்கு மேல் உழைக்காதது. இரண்டும் எளிதில் எழுப்பப்படுபவை ஆகையால் எளிதில் அகற்றவும்படுகின்றன. சராய் காலே கானில் பல ஆண்டுகள் இயங்கிவந்த ஒரு புகலிடம் 2023 பிப்ரவரியில் இடித்துத் தள்ளப்பட்டது. செங்கல்லும் சுண்ணாம்புமாக ஊன்றி நிற்கும் பள்ளியையோ சமுதாயக் கூடத்தையோ எவரும் ஒரே காலையில் பெயர்த்தெடுத்துவிட முடியாது. அவ்வுறுதியே பொதுக் கட்டடத்தின் முதற்சிறப்பு.

இரண்டாவது சிறப்பு காலத்தைப் பற்றியது. சமுதாயக் கூடங்கள் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடப்படுவன. அவற்றைப் புகலிடமாக்கினால் மக்கள் கல்யாணத்துக்கு எங்கே போவார்கள் என்பது அதிகாரிகள் உடனே எழுப்பும் ஆட்சேபம். ஆனால் பஞ்சாங்கத்தைப் பார்த்தால் விடை கிடைக்கிறது. மார்கழியில் நாம் கல்யாணம் செய்வதில்லை. வடநாட்டாரும் சூரியன் தனுர் ராசியில் நிற்கும் அதே மாதத்தைக் கர்மாஸ் என்று வழங்கி, டிசம்பர் நடுவிலிருந்து மகரசங்கராந்தி வரையில் சுபகாரியங்களை நிறுத்திவைக்கிறார்கள். தில்லியின் அரசுப் பள்ளிகளுக்கோ ஜனவரி முதற்பாதியில் குளிர்கால விடுமுறை. ஆக, குளிர் உச்சத்தில் நிற்கும் அந்த நான்கு வாரங்களில்தான் கூடங்கள் முகூர்த்தம் இன்றியும், அவற்றுள் இரண்டு வாரங்களில் பள்ளிகள் பிள்ளைகள் இன்றியும் வெறுமையாக நிற்கின்றன. தேவையும் வசதியும் இவ்வளவு பொருத்தமாக ஒரே காலத்தில் வந்து கூடுவது நிர்வாகத்தில் அரிது; அதனைப் பயன்படுத்தாமல் விடுவது பெருங்குறை.

பிற நாடுகளின் அநுபவம்

பொதுக் கட்டடங்களைத் திறந்ததனால் விளைந்த நன்மைக்கும் தீமைக்கும் பிற நாடுகளில் தெளிவான உதாரணங்கள் உண்டு. 1954 பிப்ரவரி 1 அன்று பாரிஸ் நகரில், வீட்டைக் காலி செய்யச் சொன்ன காகிதத்தைப் பற்றியபடி ஒரு பெண் நடுத்தெருவில் விறைத்து இறந்துகிடந்ததை, அபே பியர் என்ற பாதிரியார் வானொலியில் எடுத்துரைத்து உதவி கோரினார். நகரமே எழுந்து வந்து கம்பளிகளையும் பணத்தையும் குவித்தது. அந்த எழுச்சியின் பயனாக 1956-இல், குளிர்கால மாதங்களில் வாடகைதாரரை வெளியேற்றலாகாது என்ற சட்டம் பிறந்தது. பாரிஸில் இன்றும் கடுங்குளிர் நாட்களில் உடற்பயிற்சிக் கூடங்கள் படுக்கையறைகளாகின்றன. 2018 டிசம்பரில் நகரமன்ற மாளிகையின் அலங்கார மண்டபங்களே வீடற்ற பெண்களுக்காகத் திறந்துவிடப்பட்டன. தன் ஆசனம் இருக்கும் மாளிகையையே நகரம் முதலில் திறந்துவிட்ட பின்பு, மற்றக் கட்டடங்களின் காவலர்கள் கதவை அடைத்து வைத்துக்கொள்வதற்கு என்ன நியாயம் சொல்ல முடியும்?

ஜப்பானின் உதாரணம் இன்னும் கருத்தூன்றிப் பார்க்கத்தக்கது. 2008-ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியில், ஒப்பந்தத் தொழிலாளர் பலர் வேலையை இழந்த அன்றே கம்பெனி விடுதியில் இருந்த படுக்கையையும் இழந்தார்கள். டிசம்பர் 31 அன்று டோக்கியோவின் ஹிபியா பூங்காவில் தொண்டர்கள் கூடாரமடித்து அவர்களுக்கு உணவளித்தார்கள். வந்தவர்கள் சுமார் 500 பேர். கூடாரங்கள் நிரம்பி வழிந்தன. பூங்காவுக்கு எதிரிலேயே தொழிலாளர் நல அமைச்சின் கட்டடம் நின்றது. ஜனவரி 2 இரவில் அமைச்சு தன் சொற்பொழிவு மண்டபத்தைத் திறந்துவிட்டது. 5-ஆம் தேதி அவர்கள் நகரத்தின் வேறு பொதுக் கட்டடங்களுக்கு மாற்றப்பட்டார்கள். அந்த நாட்களில் உறங்க இடம் கொடுத்ததோடு நிற்காமல், அரசாங்க உதவிக்கு விண்ணப்பம் எழுதவும், வேலை தேடவும், அறை பிடிக்கவும் வழி செய்தார்கள். அங்கே கூரை ஒரு வாசலாக அமைந்தது. உள்ளே வந்தவன் வேறொரு வாழ்க்கைக்குள் போக அதன்வழியே பாதை இருந்தது.

நியூயார்க் நகரம் கற்பிப்பது எச்சரிக்கை. வறியோரை ஆதரிப்பது அரசின் கடமை என்று 1938-இல் அம்மாகாண அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட விதியை ஆதாரமாகக் கொண்டு, ராபர்ட் ஹேஸ் என்ற இளம் வக்கீல் 1979-இல் வழக்குத் தொடுத்தார். வழக்குக்குப் பெயர் தந்த ராபர்ட் கல்லஹான், சமரசத் தீர்ப்பு 1981-இல் கையெழுத்தாகுமுன்பே தெருவில் இறந்துபோனார். கேட்கும் ஒவ்வொருவருக்கும் படுக்கை கொடுத்தாக வேண்டிய கட்டாயத்தில், நகரம் தன் பழைய படைக் கொட்டில்களைத் திறந்தது. ஃபோர்ட் வாஷிங்டன் கொட்டிலில், சிப்பாய்கள் அணிவகுத்துப் பழகும் ஒரே பெருங்கூடத்தில், 1980-களில் ஆயிரத்தை ஒட்டிய ஆண்கள் வரிசை வரிசையான கட்டில்களில் கிடந்தார்கள். களவும் அடிதடியும் மிகுந்தன. அத்தசாப்தத்தின் பிற்பகுதியில் அந்நகரில் காசநோய் மீண்டும் பெருகியபோது இத்தகைய பெருங்கூடங்கள் அதற்கு நல்ல விளைநிலமாயின. பலர் அங்கே போவதைவிடச் சுரங்க ரயில் நிலையமே மேல் என்று கருதினார்கள். பின்னாளில் அக்கொட்டிலில் படுக்கைகள் வெகுவாகக் குறைக்கப்பட்டன. கூரை கொடுத்தால் போதும், அளவும் ஒழுங்கும் வேண்டுவதில்லை என்று எண்ணிய பிழைக்கு அந்நகரம் கொடுத்த விலை அது.

இங்கிலாந்தில், உஷ்ணநிலை பூஜ்யத்துக்கு இறங்கும் என்று முன்னறிவிப்பு வந்தவுடன் நகரசபைகள் அவசரப் படுக்கைகளைத் திறப்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் அதனைக் கட்டாயமாக்கும் சட்டம் இல்லை. வானிலை அறிக்கையையே சாவியாக ஆக்கும் இம்முறையில் ஒரு குறை உண்டு. இந்திய வானிலைத் துறை சமவெளியில் 4 டிகிரியையும் அதற்குக் கீழான உஷ்ணநிலையையும் குளிர் அலை என்று வகுக்கிறது. 4 டிகிரியில் இறப்பவன் 6 டிகிரியில் பிழைத்துவிடுவான் என்று சொல்ல முடியுமா? மழையில் நனைந்தவனுக்கும் நோயாளிக்கும் 8 டிகிரியே போதுமானது. எண்ணைக் கண்டு திறப்பதைவிடப் பருவத்தைக் கண்டு திறப்பதே பொருத்தம்.

திறந்த கதவும் வராத மனிதனும்

கட்டடம் திறந்திருந்தும் மனிதர்கள் வராத இரவுகள் உண்டு. படுக்கைகள் காலியாகக் கிடக்கின்றன, ஆகையால் தேவையே இல்லை என்று வாதிப்பவர்களுக்கு இதுவே ஆதாரமாகிவிடுகிறது. வராமைக்குக் காரணங்களை ஆராய்ந்தால் அவ்வாதம் நிற்பதில்லை.

முதற்காரணம் தூரம். விடியற்காலம் நான்கு மணிக்குச் சந்தையில் லாரி வந்து நிற்கும். முதலில் ஓடிப்போய் நிற்பவனுக்கே சுமை. நான்கைந்து மைல் தொலைவில் உள்ள புகலிடம் அவனுக்கு எவ்வளவு கதகதப்பாக இருந்தாலும் பயனில்லை. இரண்டாவது, நேரம். கல்யாணப் பந்தியில் வேலை செய்பவன் கடைசிப் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு வருகையில் நள்ளிரவு கடந்து ஒரு மணியோ இரண்டு மணியோ ஆகியிருக்கும். பத்து மணிக்குக் கதவடைக்கும் புகலிடம் அவனுக்கு இல்லாத புகலிடமே. மூன்றாவது, உடைமை. வாடகைக்கு எடுத்த ரிக்‌ஷா களவு போனால் உரிமையாளனுக்கு ஈடு கொடுக்க வேண்டியவன் அதை இழுப்பவன். ஆகையால் ரிக்‌ஷாவை நிறுத்தி வைக்க இடமில்லாத புகலிடத்துக்கு அவன் வரமாட்டான், முன்சக்கரத்தின்மேல் கால்களை நீட்டி இருக்கையிலேயே குறுகிப் படுப்பான். நான்காவது, பயம். 1959-ஆம் ஆண்டுப் பம்பாய்ப் பிச்சைத் தடுப்புச் சட்டம் தில்லியிலும் நெடுங்காலம் அமலில் இருந்து, 2018-இல்தான் அதன் முக்கியமான விதிகள் ஹைகோர்ட்டால் செல்லாதவையாக்கப்பட்டன. இரவில் வந்து நிற்கும் சர்க்கார் வண்டி தன்னைக் காவலில் அடைக்க வந்ததென்றே பல ஆண்டுகள் அறிந்திருந்தவன், அது இன்று காக்க வந்திருக்கிறது என்று எளிதில் நம்புவானா? பெண்களுக்கோ இவையெல்லாவற்றுக்கும் மேலாக மானத்தைப் பற்றிய அச்சம்; தனிவாயிலும், உட்புறம் தாழிடும் கழிப்பிடமும், இரவில் பெண் காவலாளும் இல்லாத இடத்தில் ஒரு பெண் கண்ணயர மாட்டாள்.

ஆகையால், பொதுக் கட்டடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, எந்தக் கட்டடம் காலியாக இருக்கிறது என்று மட்டும் பார்ப்பது போதாது. மக்கள் ஏற்கனவே எங்கே உறங்குகிறார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும். காஷ்மீர் கேட், யமுனைக் கரை, ஜும்மா மசூதிச் சுற்றுப்புறம், பெரிய ஆஸ்பத்திரி வாயில்கள் ஆகிய இடங்களிலிருந்து கால்மணி நேர நடைக்குள் இருக்கும் கட்டடமே உண்மையில் புகலிடமாகும்.

ஆட்சேபங்கள்

பிள்ளைகள் படிக்கும் வகுப்பறையில் இரவில் அந்நியர் படுத்துறங்குவது சுகாதாரத்துக்குக் கேடு என்பது பெற்றோரின் கவலை. அது அலட்சியப்படுத்தத்தக்கதன்று. பள்ளி நடக்கும் நாட்களில் வகுப்பறைகளை விட்டுவிட்டு, தனிக் கழிப்பிடமும் தனி வாயிலும் உள்ள சமுதாயக் கூடங்களையும், மூடப்பட்ட பள்ளிகளையும், விளையாட்டரங்குகளையும் எடுத்துக்கொள்வதே முறை. பள்ளிகளை விடுமுறையின்போது மட்டும் கொள்ளலாம். 2020-ஆம் ஆண்டு தொற்றுநோய்க் காலத்தில் தில்லியின் அரசுப் பள்ளிகள் பல, ஊர் திரும்ப முடியாமல் தவித்த தொழிலாளருக்குத் தங்குமிடங்களாகவும் உணவளிக்கும் நிலையங்களாகவும் சில தினங்களுக்குள் மாற்றப்பட்டன. மனம் வைத்தால் முடியும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

செலவைப் பற்றிய ஆட்சேபம் இன்னும் பலவீனமானது. கட்டடத்தின் செலவு முன்பே செய்து முடிக்கப்பட்டது. இனி வேண்டுவது கம்பளி, விளக்கு, நீர், துப்புரவு, இரவுக் காவலர் இருவருக்குச் சம்பளம் ஆகியனவே. அடைத்த அறையில் கரி மூட்டிக் குளிர்காய்ந்து நச்சுக் காற்றால் இறப்பவர்களும் உண்டு ஆகையால், காற்றோட்டத்துக்கும் தீத்தடுப்புக்கும் ஏற்பாடு இன்றியமையாதது, அதுவும் பெருஞ்செலவன்று.

மூன்றாவது ஆட்சேபம் எதிர்த்திசையிலிருந்து, வீடற்றோரின் நண்பர்களிடமிருந்தே வருகிறது. குளிர்காலப் புகலிடம் நகரத்தின் மனச்சாட்சிக்கு ஓர் ஆறுதலாகிவிடும்; மூன்று மாதங்கள் கூடம் திறந்துவிட்டோம் என்ற திருப்தியில், வாடகை கட்டுப்படியாகும் வீடு என்ற உண்மைப் பரிகாரம் மறக்கப்பட்டுவிடும் என்று அவர்கள் அஞ்சுகிறார்கள். இது கனமான ஆட்சேபம். புகலிடம் வீடாகாது, நூறு பேர் நடுவே படுத்திருப்பவனுக்குக் குடும்பம் நடத்தவோ, நோயில் தனித்திருக்கவோ, சேமித்ததைப் பத்திரப்படுத்தவோ முடியாது. ஆனால் வீடு கட்டும் வரையில் உயிர் தங்கியிருக்க வேண்டுமல்லவா? புகலிடத்தையே திறக்காதவன் வீட்டைக் கட்டித் தருவான் என்று நம்புவதற்கு அநுபவத்தில் ஆதாரம் இல்லை. பாரிஸில் 1954-இன் கம்பளிகளே 1956-இன் சட்டத்துக்கு வழிகாட்டின.

செய்ய வேண்டுவது

தமிழ்நாட்டில் புயல் எச்சரிக்கை வந்தவுடன், கடலோரக் கிராமத்தின் பள்ளிக்கூடத்தைத் தாசில்தார் திறந்துவிடுகிறார். அரிசியும் பாயும் வந்து சேர்கின்றன. எவரும் அனுமதி கேட்டு மனு எழுதிக்கொண்டிருப்பதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பள்ளிகளும் கல்யாண மண்டபங்களும் ஓரிரவில் புகலிடங்களாயின. எந்தக் கட்டடம், யாரிடம் சாவி, யார் சமைப்பது என்பனவெல்லாம் முன்பே தீர்மானிக்கப்பட்டிருப்பதே அந்த வேகத்துக்குக் காரணம். இந்திய சர்க்கார் பேரிடர் நிவாரண நிதிக்கு உரியவை என்று அறிவித்துள்ள இயற்கைச் சேதங்களின் பட்டியலில் உறைபனியும் குளிர் அலையும் இடம்பெற்றிருக்கின்றன. 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் நிர்வாகச் சட்டமோ கட்டடங்களைத் தேவைக்கு எடுத்துக்கொள்ளும் அதிகாரத்தை மாவட்ட அதிகாரிகளுக்கு அளித்திருக்கிறது. ஆகவே சட்டமும் உண்டு, நிதியும் உண்டு. ஆண்டுதோறும் தவறாமல் குறித்த மாதத்தில் வரும் குளிரை எதிர்பாராத விபத்தாகக் கருதும் மனப்பான்மையை விடுவதே பாக்கி.

செய்ய வேண்டியவை இவை: தீபாவளிக்கு முன்னரே ஒவ்வொரு வார்டிலும் எந்தெந்தப் பொதுக் கட்டடங்கள் திறக்கப்படும், எத்தனை பேருக்கு, சாவி எந்த அதிகாரியிடம், அவர் இல்லாதபோது யாரிடம் என்பதைப் பெயரும் பதவியும் குறித்துப் பகிரங்கமாக வெளியிட வேண்டும். டிசம்பர் முதல் தேதியிலிருந்து பிப்ரவரி இறுதி வரை, வானிலை அறிக்கைக்காகக் காத்திராமல் அவை திறந்திருக்க வேண்டும். மூடுபனி நாட்களில் பகலிலும் திறந்திருக்க வேண்டும். ஒரு கூடத்தில் நூறு பேருக்கு மேல் சேர்க்கலாகாது. பெண்களுக்கும் குடும்பங்களுக்கும் தனிக் கட்டடம் வேண்டும். எந்த நேரத்தில் வந்தாலும் கதவு திறக்க வேண்டும். அடையாளச் சீட்டுக் கேட்டு எவரையும் திருப்பலாகாது. ரிக்‌ஷாவுக்கும் மூட்டைக்கும் இடம் வேண்டும். வாரம் ஒரு நாளேனும் வைத்தியரும், ரேஷன் அட்டைக்கும் ஓய்வூதியத்துக்கும் விண்ணப்பம் எழுதித் தருபவரும் அங்கே வந்து அமர வேண்டும். பிப்ரவரி முடிவில், வந்தவர்களுள் எத்தனை பேர் வாடகை அறைக்கோ நிலையான விடுதிக்கோ ஆஸ்பத்திரிக்கோ போய்ச் சேர்ந்தார்கள் என்ற கணக்கை நகரமன்றத்தின் முன் வைக்க வேண்டும்.

இது நம் மரபுக்குப் புதிதன்று. ஊர்ச் சாவடியும் சத்திரமும் வழிப்போக்கனுக்கும் அநாதைக்கும் இரவில் திறந்தே கிடந்தவை. ராணி மங்கம்மாள் பெயரால் மதுரையில் நிற்கும் சத்திரம் அந்த வழக்கத்தின் சின்னம். மணிமேகலைக் காப்பியத்தில், பசிப்பிணி தீர்க்கும் அந்தப் பெண் துறவி சோழ மன்னனிடம் கேட்டுப் பெற்ற வரம், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றித்தர வேண்டும் என்பதே. அரசனுடைய கட்டடங்களுள் மிகக் கடினமாகப் பூட்டப்பட்டிருந்ததையே அவள் தேர்ந்தெடுத்தாள். நம் காலத்துக் கூடங்களோ தண்டனைக்காகக் கட்டப்பட்டவை அல்ல. படிப்புக்காகவும் கல்யாணத்துக்காகவும் கூட்டத்துக்காகவும் மக்களுடைய பணத்திலேயே எழுந்தவை. அவற்றின் சொந்தக்காரர்களுள் நடைபாதையில் படுத்திருப்பவனும் ஒருவன். அவன் வாங்கும் தீப்பெட்டியிலும் தேநீரிலும் வரி செலுத்தியிருக்கிறான். தனக்கும் பாத்தியமுள்ள கட்டடத்தின் வாசலில் அவன் குளிரில் மாய்வதைத் தடுக்கும் பொறுப்பு, சாவி வைத்திருக்கும் அதிகாரியின் கருணையைச் சார்ந்து நிற்கலாகாது. அது அவருடைய உத்தியோகக் கடமையாக எழுதப்பட்டு, தவறினால் விளக்கம் கேட்கப்படும் கடமையாக நிறைவேற்றப்பட வேண்டும்.